வருகிறேன், பூஜ்யம் பேர்

‘வரவில்லை’ என்ற பொத்தானைச் செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சாம்பல் நிறம், வட்டமான ஓரம், அமுக்கினால் லேசாக உள்ளே போய் வெளியே வரும். முந்நூறு வீடுகளுக்கு அந்தக் கல்யாண அழைப்பு போயிற்று. ஒருவர்கூட அந்தப் பொத்தானைத் தொடவில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எந்தத் தமிழன் வாயால் சொல்லியிருக்கிறான், விரலால் சொல்வதற்கு? வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இருந்தாலும் “கண்டிப்பா வரேன் லா” என்றுதான் சொல்வார். பீடோங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அப்போது நான் இன்டர்ன். இன்டர்னுக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை.

என்னோடு கணினி படித்த கூட்டாளிகள் எல்லாம் பயிற்சிக்குப் பினாங்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள். காலையில் இலவச காப்பி, கழுத்தில் அட்டை, குளிரூட்டியில் நடுங்கிக்கொண்டே எடுத்த படங்கள். நான் விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு மறுநாள் அனுப்பினேன். ஆகவே எனக்குக் கிடைத்தது சுங்கை பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. கீழே சக்கரத்து நட்டைக் கழற்றும் இயந்திரம் ‘டர்ர்ர்’ என்று அலறும்போதெல்லாம் மேலே எங்கள் மேசையில் தண்ணீர் பாட்டில் நகரும். கம்பெனியின் மொத்த ஊழியர்கள் இரண்டு பேர். பாஸ், நான்.

பாஸுக்கு இருபத்தேழு வயது. கோலாலம்பூரில் படித்துவிட்டு ஊரை மாற்றுவதற்காகத் திரும்பி வந்திருந்தார். மற்றவர்கள் ‘முருகா’ என்று சொல்லும் இடத்தில் அவர் ‘டேட்டா’ என்பார். உட்காரும்போது டேட்டா, எழுந்திருக்கும்போது டேட்டா. முதல் நாளே, “என்னை அண்ணேன்னு கூப்பிடாத, இது ஸ்டார்ட்அப். பேர் சொல்லிக் கூப்பிடு” என்றார். என்னைவிட மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என் நாக்கை அம்மா இழுத்துவைத்து அறுத்துவிடுவார். நான்கு நாள் “இந்தாங்க”, “ஹலோ” என்று சமாளித்துவிட்டு, ஐந்தாம் நாள் ‘பாஸ்’ என்று ஆரம்பித்தேன். அவர் மறுப்பதுபோல் சிரித்தார். பிடித்துப்போயிற்று.

நாங்கள் செய்துகொண்டிருந்தது கல்யாண விருந்தினரை எண்ணும் செயலி. அழைப்பு போனுக்குப் போகும். அவர்கள் ‘வருகிறேன்’ அல்லது ‘வரவில்லை’ என்று அமுக்கி, எத்தனை பேர் என்று ஒரு கட்டத்தில் எண் போட வேண்டும். சமையல்காரருக்குச் சரியான எண்ணிக்கை கிடைக்கும், சோறு வீணாகாது. பாஸ் இதைச் சொல்லும்போது அவர் குரலே தழுதழுக்கும். குறை ஒன்றுதான். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கல்யாணம் வேண்டும்.

“எங்கக்கா கல்யாணம் இருக்கு, பாஸ்” என்றேன்.

கம்பெனிமேல் எனக்கு இருந்த பற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவம். எனக்கு வேறு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கு என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி, பாடாங் செராயில் இருக்கிறார், தொழிற்சாலை வேலை. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அப்போது எங்களோடு இருந்த சித்தப்பாதான் அக்காவைத் தினமும் மோட்டர் பைக்கில் முன்னால் உட்காரவைத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். நான் பள்ளிக்குப் போகும் வயது வருவதற்குள் அவருக்குக் கல்யாணமாகி வேறு வீடு போய்விட்டார். நான் பஸ். இந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்பாவும் சித்தப்பாவும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. நிலத்தகராறு, சொத்துத் தகராறு என்றால் ஒரு மரியாதை இருக்கும். இது கக்கூஸ் தகராறு. எங்கள் கோயில் கமிட்டித் தேர்தலில் அப்பா செயலாளர் பதவிக்கு நின்றார். கை தூக்கி வோட்டு. எதிரில் நின்றவர் கோயிலுக்குப் புதுக் கழிப்பறை கட்டித்தருவதாகச் சொன்னார். அப்பா கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பதாகச் சொன்னார். அப்பா ஒரே ஒரு கையில் தோற்றார். கழிப்பறைக்காக உயர்ந்த கைகளில் ஒன்று சித்தப்பாவுடையது. முன் வரிசையில் உட்கார்ந்து, கடிகாரம் கட்டிய கையைத் தூக்கியிருந்தார்.

கழிப்பறை கட்டி முடித்தார்கள். நல்ல ஓடு, நல்ல தண்ணீர். அப்பா அதற்குள் கால் வைக்கவில்லை. பூசை நாளில் அவசரம் வந்தால் காடியை, அதாவது காரை, எடுத்துக்கொண்டு பெட்ரோல் ஸ்டேசனுக்குப் போய்விட்டு வருவார். திருவிழாவின்போது ஒரு தடவை அவர் போய் வருவதற்குள் தீபாராதனையே முடிந்துவிட்டது.

கல்யாணம் நிச்சயமான அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“எனக்கு மேக்கப், போட்டோ, ஒன்னும் பெருசில்ல. சித்தப்பா வரணும். வந்து சாப்பிடணும். அப்பா கூப்பிட மாட்டாரு. நீ ஏதாச்சும் பண்ணு.”

“நான் என்னா பண்றது?”

“கம்ப்யூட்டர் படிக்கிறல்ல?”

எங்கள் குடும்பத்தில் பல்பு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று. ஆனால் அந்தத் தடவை அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. அப்பா தாம்பாளத் தட்டோடு ஒரு வீட்டுக்குப் போகாவிட்டால் ஊருக்கே தெரியும். என் செயலி ஒரு அழைப்பை அனுப்பினால் யாருக்குத் தெரியும்?

வீட்டில் பேச்சு எடுத்தேன். அப்பாவுக்கு முட்டி வலி. முந்நூறு வீட்டுக்கு ஏறி இறங்க வேண்டாம் என்றதும் முகம் மலர்ந்தது. அம்மாதான் மசியவில்லை. “போன்ல கூப்பிட்டா அது கூப்பிட்டதா? நாளைக்கு பந்தியில போன்லயே சோறு போடுவியா?” என்றார். கடைசியில் ஒரு சமரசம். தாய்மாமன், அத்தை போன்ற நெருங்கிய சொந்தங்களுக்குத் தட்டு, மற்றவர்களுக்குச் செயலி. எண்ணிக்கை தெரிய வேண்டுமென்பதால் தட்டு வைத்தவர்களுக்கும் செயலியில் ஒரு அழைப்பு. இந்தப் பட்டியலில் ஒரு எண்ணை நான் யாருக்கும் சொல்லாமல் செருகினேன். பாடாங் செராய் எண்.

பதில்கள் வர ஆரம்பித்தன. பாஸ் சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டி அதில் வரைபடம் ஓடவிட்டார். இருநூற்று எழுபது வீடுகள் ‘வருகிறேன்’. மொத்த ஆட்கள் இருநூற்றுத் தொண்ணூறு.

“சின்ன கல்யாணம்தான் போலருக்கே” என்றார் பாஸ்.

ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் என்று எந்தக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம்? அன்று சாயங்காலம் பக்கத்து வரிசை வீட்டு அக்கா ஒருவரைக் கேட்டேன். அவர் வீட்டில் ஏழு பேர்.

“ஒன்னுன்னு போட்டிருக்கீங்களே, மத்தவங்க வரலையா?”

“எல்லாரும்தான் லா வரோம். அதுக்குன்னு ஏழுன்னு போடுவாங்களா? சாப்பாட்டுக்கு அலையுற குடும்பம்னு நெனைக்க மாட்டீங்க?”

மறுநாள் பாஸிடம் இதைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நீ சொல்றது அனுமானம். திரையில இருக்கறது டேட்டா” என்றார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டே, “சமையல்காரம்மாகிட்ட எண்ணூறு பேருக்குன்னு போன மாசமே சொல்லிட்டேன். நீ பாட்டுக்கு உன் மெஷின்ல வெளையாடு” என்றார். இப்படியாக எங்கள் செயலியின் வேலை, வேலை தொடங்குமுன்பே முடிந்துபோயிருந்தது. பாஸுக்கு மட்டும் அதை நான் சொல்லவில்லை. என் பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர்.

அந்த வாரம்தான் சித்தப்பாவின் பதில் வந்தது. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். “சித்தப்பா ‘வருகிறேன்’ போட்டுட்டாரு! ஆனா எத்தனை பேர்னு தெரியாம பூஜ்யத்தை அமுக்கிட்டாரு.”

அக்கா என் போன் திரையைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

“தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் போட்டிருக்காரு. வருவாரு, சாப்பிட மாட்டாரு.”

எங்கள் பக்கத்தில் சண்டைக்காரர்கள் கல்யாணத்துக்கு வராமல் இருப்பதில்லை. வருவார்கள், முன் வரிசையில் உட்காருவார்கள், அட்சதை போடுவார்கள், பந்திக்குக் கூப்பிடும்போது காடிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கை நனைக்காமல் போவது என்று பெயர். ஊர் மொத்தமும் பார்க்கும். வாயால் ஒரு சொல் பேசாமல் பத்து வருடச் சண்டையை ஒலிபெருக்கியில் சொன்னதுபோல் ஆகிவிடும்.

“அதுக்கு அவரு வராமலே இருக்கலாம்” என்றாள் அக்கா. அழுதுவிடுவாள் போலிருந்தது. என்னைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு மோட்டரில் போனவள்தான், ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். திரையில் சில வீடுகள் ‘வருகிறேன், 0’ என்று நின்றதால் பாஸின் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது கண்ணை உறுத்தியது.

“பூஜ்யம் பேர் வர்றாங்கன்னு எந்த மனுஷனும் சொல்ல மாட்டான். அது குப்பை. க்ளீன் பண்ணு.”

காலையில் சாப்பிட்ட நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கண்ணைச் சொக்கவைத்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் அந்த வீட்டை ‘வரவில்லை’ பட்டியலுக்குத் தள்ளு என்று ஒரு வரி எழுதி ஏற்றினேன். சிவப்புக் கோடு மறைந்தது. பாஸ் கைதட்டினார்.

‘வரவில்லை’ பட்டியலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தானாக ஒரு பதில் போகும்படி மூன்று வாரத்துக்கு முன்பே நான் செய்துவைத்திருந்தேன். யாரும் அந்தப் பொத்தானை அமுக்காததால் அது என்றைக்கும் போனதில்லை, எனக்கும் மறந்துவிட்டது. பதிலை நானே என் பள்ளிக்கூடத் தமிழில் எழுதியிருந்தேன்: ‘எங்கள் இல்லத் திருமணத்துக்குத் தாங்கள் வர இயலாததற்கு வருந்துகிறோம். தங்கள் நல்லாசிகளைத் தங்கள் இல்லத்திலிருந்தே வழங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’

கால் மணி நேரத்தில் அம்மா கூப்பிட்டார். குரல் கேட்டதும் கீழே டயர் கடை இயந்திரம் நின்றுவிட்டதுபோல் இருந்தது.

“உங்க மாமன வீட்டுலேருந்தே ஆசீர்வாதம் பண்ணச் சொல்லி யாருடி எழுதுனது?”

தாய்மாமன். அவர் இல்லாமல் கல்யாணமே நடக்காது. பதினொரு வீடுகளுக்கு அந்தச் செய்தி போயிருந்தது. மாமா, சுங்கை லாலாங்கில் இருக்கும் அத்தை, அம்மாவோடு ரப்பர் பால்மரம் வெட்டிய ஆறு தோட்டத்துக் குடும்பங்கள், காலையில் வாசலில் கோலம் போட வருவதாக இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள். இவர்கள் எல்லாம் ஏன் பூஜ்யம் போட்டார்கள் என்பது அத்தை போனில் போட்ட சத்தத்தில் தெரிந்தது.

“நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்க என்னா விருந்தாளியா, ஒன்னு ரெண்டுன்னு எண்ணிப் போடறதுக்கு? ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்து வெங்காயம் உரிக்கிறவ நான்!”

ஒன்று போட்டவர்கள் விருந்தாளிகள். பூஜ்யம் போட்டவர்கள் வீட்டு ஆட்கள். நான் முந்நூறு வீட்டிலும் தேடிப் பிடித்துச் சரியாக எங்களுக்கு மிக நெருங்கியவர்களை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

பதினொன்றாவது வீடு பாடாங் செராய். அது எனக்குக் கடைசியில்தான் உறைத்தது. மூன்று வருடம் கழித்து அண்ணன் வீட்டிலிருந்து தம்பிக்கு ஒரு அழைப்பு போய், அதன் பின்னாலேயே போன செய்தி அது. வீட்டிலேயே இரு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா கூடத்தில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். செய்தி போன பதினொரு வீடுகளையும் அம்மா என்னிடம் போனில் கேட்டு எழுதிய பட்டியல். கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

“இவனுக்கு யாரு அனுப்புனது?”

“சிஸ்டம் தானா அனுப்பிருச்சுப்பா” என்றேன். நான்கு வருடம் கணினி படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பலன் கிடைத்தது. பழி போட ஒரு ஆள்.

அப்பா பட்டியலை நான்காக மடித்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கூப்பிடாம இருந்தது என் கோவம். கூப்பிட்டுட்டு வராதேன்னு சொல்றது ஈனத்தனம். நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல” என்றார். அம்மாவிடம் தட்டை எடுக்கச் சொன்னார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா முன்னால், அம்மா தட்டோடு பின்னால், குற்றவாளி நான் ஓட்டுநர். ஒவ்வொரு வீட்டிலும் அப்பா ஒரே வசனத்தைச் சொன்னார்: “பிள்ள தப்பு பண்ணிருச்சு. நீங்க இல்லாம எப்படி?” நான் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். மாமா வீட்டில் என் காதைத் திருகினார்கள். அத்தை வீட்டில் காதையும் திருகி, சாப்பாடும் போட்டார்கள். பத்தாவது வீட்டிலிருந்து கிளம்பும்போது என் இடது காது வலதைவிடப் பெரிதாக இருந்தது என்பது என் எண்ணம்.

பாடாங் செராய் போகும் வழியில் அப்பா இரண்டு தடவை காடி ரேடியோவைப் போட்டு அணைத்தார்.

சித்தப்பா வாசலில் மோட்டர் கழுவிக்கொண்டிருந்தார். காடியைப் பார்த்தார், தண்ணீர்க் குழாயை மூடவில்லை. அப்பா இறங்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“பிள்ள தப்பு பண்ணிருச்சு” என்றார் அப்பா.

“அது தப்பு பண்ணல. நான் வரேன்னுதான் போட்டேன். ஆளு பூஜ்யம்னு போட்டேன். வரேன், சாப்பிட மாட்டேன். அதுகூட ஒங்க மெஷினுக்குப் புரியல, வராதங்குது.”

அப்பா தொண்டையைச் செருமினார். “பத்து வீட்டுலயும் பூஜ்யம்தான் போட்டிருந்தாங்க. வீட்டு ஆளு எண்ணிக்கையில வராதுன்னு. உன் பூஜ்யத்தையும் நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.”

அப்பா இப்படி ஒரு வாக்கியம் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. காடிக்குள் உட்கார்ந்திருந்த நான் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். சித்தப்பாவும் ஒரு கணம் துணியைப் பிழிவதை நிறுத்தினார். ஆனால் அவரும் அதே வயிற்றில் பிறந்தவர்தானே.

“நான் போட்ட பூஜ்யத்துக்கு நீ அர்த்தம் சொல்லாதண்ணே. கல்யாணம் எங்க? கோயில் மண்டபத்துலதானே? கக்கூஸ் கட்டித் தரேன்னு சொன்னான், கை தூக்குனேன். கட்டிட்டானா இல்லியா? மூனு வருஷமா நீ அதுக்குள்ள போகாம என்னை அவமானப்படுத்துற. நீ அந்தக் கக்கூஸுக்குப் போ. நான் ஒன் வீட்டுச் சோத்த சாப்பிடறேன்.”

அப்பா முகம் செம்பனைப் பழம்போல் சிவந்தது. “என் பிள்ள கல்யாணத்தன்னைக்கு நான் எங்க போவணும்னு நீ சொல்லாத” என்று திரும்பி வந்து காடியில் ஏறினார். தட்டை மட்டும் சித்தி வாங்கி வைத்துக்கொண்டார். அதுவே பெரிது.

திரும்பி வரும்போது அப்பா வெளியே பார்த்தபடி கேட்டார்: “சிஸ்டம் தானா அனுப்புமா?”

“அனுப்பாதுப்பா.”

“தெரியும்” என்றார்.

அன்றிரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கைவைத்தாள். “போச்சு. அப்பா உயிரே போனாலும் போக மாட்டாரு.” எனக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. உயிர் போக வேண்டியதில்லையே. அதற்குக் கொஞ்சம் குறைவாக ஏதாவது இருந்தால் போதும்.

கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்கு அப்பாவுக்கு முதல் தேநீர் கொடுத்தேன். மண்டபத்தில் இறங்கியதும் காப்பி. மாப்பிள்ளை வீட்டார் வந்து வாசலில் நின்று பேசும்போது சிவப்பு சிராப் தண்ணீர், ஐஸோடு, பெரிய குவளையில். வெயில் ஏறியதும் இளநீர். “தொண்டை காஞ்சிருக்கும்பா, பேசிட்டே இருக்கீங்க” என்று நான் நீட்ட நீட்ட, பதற்றத்தில் இருந்த மனிதர் எதையும் பார்க்காமல் வாங்கி வாங்கிக் குடித்தார். “என்னா பாசம் பாரு இந்தப் பிள்ளைக்கு” என்று அத்தை என் காதைத் தடவிக்கொடுத்தார். பெட்ரோல் ஸ்டேசனுக்குப் போகும் வழியை நான் அடைக்கத் தேவையே இருக்கவில்லை. அப்பாவின் காடிக்குப் பின்னால் மூன்று வரிசை காடிகள் நின்றன. ஒன்று என்று போட்ட வீடுகள் ஏழு ஏழாக, எட்டு எட்டாக இறங்கிக்கொண்டிருந்தன.

பாஸும் வந்திருந்தார், கம்பெனி டீசட்டை போட்டுக்கொண்டு. நிறைந்து வழியும் மண்டபத்தைப் பார்த்தார், போனில் இருநூற்றுத் தொண்ணூறைப் பார்த்தார், மறுபடி மண்டபத்தைப் பார்த்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சித்தப்பா வந்தார். உள்ளே உட்காரவில்லை. வாசலில் நின்று காடிகளை ஒழுங்குபடுத்தினார், நாற்காலி தூக்கினார், ஓடிய பிள்ளைகளை அதட்டினார். வீட்டு ஆள் செய்கிற வேலையெல்லாம் செய்தார், பந்திப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மேடையிலிருந்து அக்காவின் கண் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. படம் எடுப்பவர், “மேடம், இங்க பாருங்க” என்று கெஞ்சினார்.

தாலி ஏறியது. முதல் பந்தி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. அப்பா ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்க ஆரம்பித்தார். பிறகு சுவரில் சாய்ந்தார். பிறகு காடி நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து இறங்கியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, இருந்தாலும் இன்னொரு குவளை சிராப்போடு தயாராக நின்றேன். அப்பா அந்தக் குவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் காலை ஐந்தரையிலிருந்து நடந்தது முழுவதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“நாசமாப் போறவளே” என்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் ஓடினார்.

சித்தப்பா அங்கேதான், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே போவதைப் பார்த்தார். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். நான் தூணுக்குப் பின்னால்.

அப்பா வெளியே வர நேரம் ஆயிற்று. வந்து, கை கழுவி, வேட்டியைச் சரிசெய்துவிட்டுத்தான் எதிரில் நிற்பவரைப் பார்த்தார்.

“எப்படி இருக்கு?” என்றார் சித்தப்பா.

அப்பா ஓடு பதித்த சுவரை மேலும் கீழும் பார்த்தார். மூன்று வருடக் கோபத்தை அவர் முழுங்குவது தொண்டையில் தெரிந்தது.

“தண்ணி வேகமா வருது” என்றார்.

கடைசிப் பந்தி வீட்டு ஆட்களுடையது. அத்தை, மாமா, கோலம் போட்டவர்கள், வெங்காயம் உரித்தவர்கள். நான் அப்பளம் பரிமாறிக்கொண்டு வந்தேன். அப்பா பக்கத்தில் ஒரு இலை ஆளில்லாமல் இருந்தது. சித்தப்பா வந்து உட்கார்ந்தார். காடிச் சாவியை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பந்தியில் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா மாலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்து, என் பின்னால் நின்று, என் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா சோற்றில் சாம்பாரைப் பிசைந்தார். ஒரு வாய் போட்டார். மென்றார்.

“உப்பு பத்தல” என்றார்.

“முந்தாநாளே வந்து அடுப்புகிட்ட நின்னிருந்தா நீயே போட்டிருக்கலாம்ல?” என்றார் அப்பா, இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பின்னாலிருந்து அக்கா அழுகிற சத்தம் கேட்டது. ஐந்து மணி நேரம் போட்ட மேக்கப் என் சட்டையில் இறங்கியது. நானும் அழுதேன், ஆனால் கையில் அப்பளக் கூடை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பாஸ் சுவரிலிருந்து திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கார் கழுவும் கடைகளுக்குச் செயலி செய்யலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். காருக்கு வெட்கம் கிடையாது, எண்ணிக்கை சரியாக வரும் என்றார். நான் என் பயிற்சிக் குறிப்பேட்டை நீட்டினேன். அந்த வாரப் பக்கத்தில் இரண்டே வரி எழுதியிருந்தேன். பூஜ்யத்தைக் குப்பை என்று எண்ணிய பிழை சரிசெய்யப்பட்டது. பயனர் புகார் ஒன்று, சாம்பாரில் உப்பு பத்தவில்லை.

பாஸ் பேனாவை எடுத்தவர் இரண்டாவது வரியில் நின்றார்.

“இது எந்த விருந்தாளி சொன்னது?”

“விருந்தாளி இல்ல, பாஸ்” என்றேன். “எங்க வீட்டு ஆளு.”